முதல் ரூபாயை யார் போடுவது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மார்கழிப் பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வளரும் நாடுகளைத் தூக்கி நிறுத்துவது தனியார் முதலீடா, உலக நிறுவனங்களும் அரசுகளும் தரும் உதவியா? இதுதான் தலைப்பு. உதவியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று, கென்யாவில் நார்வேக்காரர்கள் உதவி என்ற பெயரில் கட்டிப் பாழாய்ப்போன மீன் ஆலை. இரண்டு, அதே கென்யாவில் கைப்பேசிக் கம்பெனி நடத்திய, கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா புரட்சி. மூன்றாவதாக, கொடுத்துக் கொடுத்துப் பழக்கினால் நீட்டிய கை மடங்கவே மடங்காது என்றார். அரங்கமே தட்டியது. நானும் தட்டினேன், பொய் சொல்லவில்லை. அண்ணன் பேச்சு அப்படி.

அந்த மூன்றாவது குண்டிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அது எங்கள் அம்மாவின் எருமையோடு சம்பந்தப்பட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஓர் எருமை இருந்தது. பால் எடுக்க ஒருவர் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருவார். அவரும் தனியார் முதலீட்டாளர்தான், நடுவர் அவர்களே! பிண்ணாக்கு வாங்க முன்பணம் கொடுத்திருந்தார். அதனால் விலை அவர் சொல்வது, படியும் அவர் கொண்டு வருவது. எங்கள் வீட்டுப் படிக்கு நாலு படி இருக்கிற பால், அவர் படிக்கு மூன்றே முக்கால்தான் வரும். அம்மா ஒருநாள் கேட்டே விட்டார். 'நுரை அடங்கிப்போச்சும்மா' என்றார் அவர். எங்கள் வாசலில் அடங்குகிற நுரை, அவர் விற்கும் டீக்கடை வாசலில் மறுபடி பொங்கிவிடும் போலிருக்கிறது.

அப்புறம் ஊருக்குப் பால் சொசைட்டி வந்தது. விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு வரிசை. ஒருவர் அளப்பார், ஒருவர் டிகிரி பார்ப்பார், நோட்டில் ஏறும், கையிலிருக்கும் அட்டையிலும் ஏறும். தண்ணீர் கலந்திருந்தால் மானம் அங்கேயே போகும். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்குப் போயிருக்கிறது. பெயர் வேண்டாம், அவர் பேரன் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. அம்மா கையெழுத்துப் போட்டு, அம்மா பெயரில் வாங்கிய முதல் பணம் அதுதான்.

அந்தச் சொசைட்டி எங்கிருந்து முளைத்தது? குஜராத்தின் கேடா மாவட்டத்துக்குப் போக வேண்டும். 1945-இல் அங்கிருந்து பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை போல்சன் என்ற ஒரே ஒரு தனியார் கம்பெனிக்குப் போனது. கம்பெனி சொன்னதுதான் விலை. விவசாயிகள் சர்தார் படேலிடம் போனார்கள். நீங்களே கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் வழி காட்டினார். 1946-இல் பதினைந்து நாள் அவர்கள் யாருக்கும் பால் ஊற்றவில்லை. திரிபுவன்தாஸ் படேல் முன்னின்று சங்கத்தை எழுப்பினார். நாம் இன்று அமுல் என்று சொல்வது அதைத்தான்.

இதுவரைக்கும் உதவி எங்கே என்று அண்ணன் புருவத்தை உயர்த்துகிறார். வருகிறேன். குளிர்காலத்தில் எருமை இரண்டு மடங்கு கறக்கும். அதற்காகப் பம்பாய் இரண்டு மடங்கு குடிக்காது. மிஞ்சுகிற பாலைப் பவுடராக்க வேண்டும். எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். எச். எம். தலாயா என்கிற நம் நாட்டுக்காரர் ஆக்கிக் காட்டினார். சரி, ஆலைக்கு இயந்திரம்? பிண்ணாக்குக்குக் கடன்பட்ட குடியானவனின் சங்கத்தை நம்பி எந்த முதலாளி பணம் போடுவார்? ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப் கொடுத்தது. ஈடாகக் கேட்டது லாபத்தில் பங்கு இல்லை. அந்த வட்டாரத்து ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகப் பால் ஊற்றச் சொன்னது. 1955-இல் நேரு வந்து ஆலையைத் திறந்தார்.

பெரிய கதை 1970-இல்தான் ஆரம்பம். அப்போது ஐரோப்பாவில் பால்பவுடரும் வெண்ணெயும் மலைமலையாகத் தேங்கிக் கிடந்தன. அதை மலிவாக இங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தால் எங்கள் அம்மாவின் எருமை அன்றைக்கே அடிமாடாகப் போயிருக்கும். அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் அதற்குத்தான் பயந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, நம் கிண்டியில் இன்ஜினீயரிங் படித்த மனிதர். அவர் என்ன செய்தார்? அந்தப் பவுடரையே ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் வழியாக நன்கொடையாக வாங்கினார். 1 லட்சத்து 26 ஆயிரம் டன் கொழுப்பு நீக்கிய பால்பவுடர், 42 ஆயிரம் டன் வெண்ணெய் எண்ணெய். சும்மா வந்ததைச் சும்மா கொடுக்கவில்லை. பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை என்று நாலு நகரத்துப் பால் பண்ணைகளில் கரைத்து, உள்ளூர்ப் பாலின் விலைக்கு விற்றார். அந்தக் காசில் பால் பண்ணை, குளிரூட்டும் நிலையம், டேங்கர் லாரி, மாட்டுத் தீவன ஆலை எல்லாம் கட்டினார்கள். 1970-இல் சுமார் 2 கோடி டன் பால் கறந்த நாடு, 1998-இல் உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடு ஆகிவிட்டது.

நீட்டிய கை மடங்காது என்றீர்களே அண்ணா, மடங்கியதோடு நில்லாமல் எருமையின் மடியையும் அல்லவா பிடித்துக்கொண்டது! இன்றைக்குத் தனியார் பால் கம்பெனிகளும் நம் ஊரில் வண்டி விடுகின்றன. விடட்டும். போட்டி இருந்தால் அம்மாவுக்கு நல்லதுதான். ஆனால் சங்கம் பழக்கி வைத்த ஊருக்குள்தான் அந்த வண்டிகளும் வந்தன.

இப்போது மீன் ஆலை. ஒப்புக்கொள்கிறேன், அது அசட்டுத்தனம். துர்க்கானா ஏரிக்கரையில் இருப்பவர்கள் காலங்காலமாக ஆடுமாடு மேய்ப்பவர்கள். அவர்கள் நடுவில் மீனை உறைய வைக்கும் ஆலையைக் கட்டினார்கள். பாலைவனத்து வெயிலில் மீனை உறைய வைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும், எவ்வளவு நல்ல தண்ணீர் வேண்டும்? ஓட்டிப் பார்த்த சில நாளில் நிறுத்திவிட்டார்கள். கேடாவில், தனக்கு என்ன வேண்டும் என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது. துர்க்கானாவில் கொடுத்தவர் மட்டும் முடிவு செய்தார். இந்தக் குற்றத்தை எங்கள் அணி தலையில் ஏற்றிக்கொள்கிறது. வரன் பார்க்காமல் நடத்திய கல்யாணம் முறிந்தால் கல்யாணமே கூடாது என்று நீங்கள் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

எம்-பெசாவுக்கு வருகிறேன். நைரோபியில் வேலை பார்க்கிற பிள்ளை, ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் கைப்பேசியிலேயே பணம் அனுப்பலாம். அதற்கு முன்பு பஸ் டிரைவரிடம் கவரைக் கொடுத்துவிட்டு, போய்ச் சேருமோ சேராதோ என்று காத்திருப்பார்கள். 2007-இல் சஃபாரிகாம் கம்பெனி இதைத் தொடங்கியது. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் கதையை நடுவிலிருந்து ஆரம்பித்தார். முதல் அத்தியாயம் பிரிட்டனில். சஃபாரிகாமில் பங்கு வைத்திருந்த வோடஃபோன் கம்பெனியின் அதிகாரி நிக் ஹியூஸ் இந்த யோசனையோடு வந்தபோது, கம்பெனிக்குள்ளேயே பெரிய லாபம் காட்டுகிற மற்ற திட்டங்களோடு அது மோத வேண்டியிருந்தது. கென்ய ஏழைக்குச் சில்லறைப் பணம் அனுப்பும் திட்டம் எந்தப் போர்டு மீட்டிங்கில் ஜெயிக்கும்? பிரிட்டிஷ் அரசின் வெளிநாட்டு உதவித் துறை ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு மானியம் கொடுத்தது. கம்பெனி தன் பங்கைப் போட்டது. அதில் நடந்த சோதனை ஓட்டம்தான் எம்-பெசாவாக வளர்ந்தது. நீங்கள் மாலை போட்ட மாப்பிள்ளைக்குச் சீர் செய்தது எங்கள் வீடு, நடுவர் அவர்களே!

முதல் ரூபாயைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். திரும்பி வருமா என்றே தெரியாத அந்த ரூபாயை யார் போடுவது? இதற்கு ஒரே ஓர் இடத்துக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரைகள். வேகமாக ஓடும் ஆற்றில் பெருகுகிற ஒரு கறுப்பு ஈ, அது கடித்தால் உடம்புக்குள் புழு, வருடக்கணக்கில் அரிப்பு, கடைசியில் கண் போய்விடும். நல்ல வண்டல் மண்ணை விட்டுவிட்டு ஊர் ஊராகக் காலி செய்தார்கள். ஒரு நீண்ட குச்சி, முன்முனையைப் பிடித்து நடக்கும் சிறுவன், பின்முனையைப் பிடித்துக்கொண்டு தாத்தா. அந்தப் பையன் பள்ளிக்கூடம் போவதில்லை, அவன்தான் தாத்தாவின் கண். அந்தக் காட்சியை வெண்கலத்தில் வார்த்து, உலக வங்கியிலும் உலக சுகாதார நிறுவனத்திலும் சிலையாக வைத்திருக்கிறார்கள்.

1974-இல் இந்த இரண்டு நிறுவனங்களும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து ஹெலிகாப்டரில் ஆறு ஆறாக மருந்து தெளிக்க ஆரம்பித்தன. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, 2002 வரைக்கும். எந்தப் பங்குதாரர் இருபத்தெட்டு வருடம் பொறுப்பார்? 11 நாடுகளில் 2.5 கோடி ஹெக்டேர் நிலத்துக்கு மனிதர்கள் திரும்பிப் போய் உழவு செய்ய முடிந்தது.

இந்த நோய்க்கு மாத்திரை கண்டுபிடித்தது மெர்க் என்ற தனியார் கம்பெனி ஆயிற்றே என்று எதிரணியில் ஒருவர் துண்டுச்சீட்டு எழுதுகிறார், இங்கிருந்தே தெரிகிறது. ஆமாம். ஐவர்மெக்டின். முதலில் ஆடு மாடுகளுக்கு விற்ற மருந்து, நல்ல லாபம். மாட்டுக்கு உரிமையாளர் இருந்தார், காசு கொடுத்தார். மனிதனுக்கு யார் கொடுப்பது? அந்தக் கம்பெனியும் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தது, பணம் தர யாரும் இல்லை. 1987-இல், தேவைப்படும் காலம் வரை இலவசமாகவே தருகிறோம் என்று அறிவித்தது. கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இலவசமாகக் கொடுத்த அந்த நிமிடமே மெர்க் எங்கள் அணிக்கு வந்துவிட்டது.

எதிரணித் தங்கை இன்னொன்று சொன்னார்: தொழிற்சாலைக்குக் கால் கிடையாது, போட்ட முதலீடு ஓடிப்போகாது என்று. தங்கச்சி, ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து தூரமில்லை. நோக்கியா 2006-இல் வந்தது, 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. வரி வழக்கு ஒரு பக்கம், கைமாறிய வியாபாரம் ஒரு பக்கம். யார் குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. எத்தனையோ கிராமத்துப் பெண்களுக்கு அந்த ஆலை சம்பளம் கொடுத்தது, அதை மறந்தால் பாவம். ஆனால் கால் இருந்தது, பார்த்துவிட்டோம்.

பக்கத்தில் இலங்கை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, காஸ் சிலிண்டருக்கு நாள் கணக்கில் வரிசை. அந்த நாட்டு அரசின் கடன் பத்திரம் வாங்கி வைத்திருந்த தனியார் வங்கி ஒன்று ஜூன் மாதம் நியூயார்க் கோர்ட்டுக்குப் போனது. அது அவர்கள் உரிமை. பத்திரம் வேறு, ஆலை வேறு என்பீர்கள், அதுவும் சரிதான். அதே நேரத்தில் உலக வங்கி, பழைய திட்டங்களுக்கு ஒதுக்கிய பணத்தை மருந்துக்கும் காஸுக்கும் திருப்பிவிட்டது. தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கப்பலேற்றியது.

மணி அடிக்கப் போகிறார்கள் என்று தெரிகிறது. கடைசியாக ஒரு வேண்டுகோள். அறுபது தாண்டிய பெரியவர்கள் மட்டும் சட்டைக் கையை மடக்கிப் பாருங்கள். வட்டமாக, காசு பதித்த மாதிரி ஒரு தழும்பு இருக்கும். இளைஞர்கள் தேடாதீர்கள், உங்கள் தோளில் இருக்கும் சின்னத் தழும்பு காசநோய்க்குப் போட்டது. இது பெரியம்மைக்குக் குத்தியது. 1967-இல் உலக சுகாதார நிறுவனம் முழுமூச்சாக இறங்கியது. இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில். 1980-இல் நோயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர். மூன்றில் ஒரு பங்கு வெளியிலிருந்து வந்த உதவி, மீதி அந்தந்த நாடுகள் தாங்களே போட்டது. நோயை ஒழித்துவிட்டால் அடுத்த வருடம் வாடிக்கையாளர் எங்கே? எந்தக் கம்பெனி இதற்கு முதல் போடும்?

அதோ, மணி அடித்துவிட்டார்கள். நான் இறங்குகிறேன் நடுவர் அவர்களே. முதல் வரிசையில் ஒரு பாட்டி கையை மடக்கிப் பேத்திக்குத் தழும்பைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளை, 'பாட்டி, இது எங்க விழுந்த காயம்?' என்று கேட்கிறது.