தன்னைத் தானே பார்த்து எழுதும் ஆய்வு

வணக்கம் நேயர்களே.

சமூக அறிவியல் ஆய்வு என்றாலே ஊராரிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்குவதுதான் நம் நினைவுக்கு வரும். ஆய்வாளர் தன்னையே கவனித்து எழுதினால், 'இது ஆராய்ச்சியா, டைரியா?' என்று கேட்டுவிடுவார்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

உளவியலில் இந்தச் சண்டை பழையது. 1879-இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கியபோது, மனத்தில் நடப்பதை அவரவரே கவனித்துச் சொல்வது முக்கியமான முறையாக இருந்தது. 1913-இல் ஜான் வாட்சன் அதை அடியோடு ஒதுக்கினார். ஒருவர் உள்ளே கண்டதாகச் சொல்வதை இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பது?

ஆனால் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளரை நினைத்துப் பாருங்கள். 1885-இல் அவர் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில் சோதிக்கப்பட்ட ஒரே ஆள் அவர்தான். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்வார். பிறகு, மறந்ததை மறுபடி படிக்க எவ்வளவு நேரமாகிறது என்று குறிப்பார். 2015-இல் வேறொருவரை வைத்து அதைச் செய்து பார்த்தபோதும் நேரம் போகப் போக எவ்வளவு மறக்கிறது என்று காட்டும் கோடு ஏறக்குறைய அதேபோலத்தான் வந்தது. எவ்வளவு மறந்தோம் என்பதை அவர் அளந்தார். ஏன் மறந்தோம் என்று தன் மனத்தையே கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அந்த 'ஏன்' வரும்போதுதான் வம்பு. நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். வலது ஓரத்தில் இருந்ததையே நிறையப் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது, வைத்திருந்த இடத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டாலும், கிட்டத்தட்ட எல்லோரும் இல்லவே இல்லை என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்கள்.

அதனால் இந்த முறையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நடந்ததை எழுதுங்கள் என்பதுதான். 'கூட்டத்தில் என்னை யாரும் மதிக்கவில்லை, அதனால் பேசவில்லை' என்று எழுதினால் அது தீர்ப்பு. 'தலைவர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்தவர் பேச ஆரம்பித்தார். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்' என்றால் அது தரவு. இன்னொருவர் அதைப் படித்து வேறு முடிவுக்கும் வரலாம்.

ராபர்ட் மர்ஃபி இதில் கெட்டிக்காரர். கொலம்பியா பல்கலைக்கழக மானிடவியலாளர். பிரேசிலில் 'முண்டுருக்கு' என்ற பழங்குடி மக்களிடையே களப்பணி செய்தவர். தண்டுவடத்தில் கட்டி வந்து, உடல் மெல்ல மெல்லச் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தபோது, அதே களப்பணிக் கண்ணைத் தன் வாழ்க்கைமேல் திருப்பினார். பல் மருத்துவர் ஒருவர் அவர் தலையைத் தட்டிக்கொடுத்தார். விடைபெறும் மாணவர்கள் அவர் கையையோ தோளையோ லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்கள். நடக்க முடியாதவரைச் சமூகம் எந்த இடத்தில் வைக்கிறது என்பதை இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களிலிருந்துதான் அவர் எழுதிக்காட்டினார். கேள்வித்தாளில் இதெல்லாம் அகப்படுமா? தலையில் தட்டியவரிடம் கேட்டிருந்தால், அன்பாகத்தான் நடந்துகொண்டேன் என்றிருப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கவனித்தாலே நடத்தை மாறும். புகைப்பவர் ஒவ்வொரு சிகரெட்டையும் குறித்துவைக்க ஆரம்பித்தால் எண்ணிக்கை குறைவதுண்டு. சிகிச்சையிலேயே இதைப் பயன்படுத்துகிறார்கள். நினைவை நம்பி இரவில் உட்கார்ந்து எழுதினாலோ, பகல் முழுவதும் ஒரே கதையாகக் கோத்துக்கொண்டுவிடும். சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் 1970-களில் ஆட்களிடம் பேஜர் கொடுத்து, அது எதிர்பாராத நேரத்தில் ஒலிக்கும்போது அந்த நொடியில் என்ன செய்கிறோம், எப்படி உணர்கிறோம் என்று குறிக்கச் சொன்னார். இன்று கைபேசியே அந்த வேலையைச் செய்துவிடும்.

கடைசியாக ஒன்று. நம் குறிப்பேட்டில் நாம் மட்டுமா இருக்கிறோம்? மனைவி, கணவர், சக ஊழியர் எல்லோரும் கேட்காமலே உள்ளே வந்துவிடுகிறார்கள். பெயரை மாற்றினாலும், இன்னார் மனைவி என்றால் யார் என்று தெரிந்துவிடும். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கங்களை அவர்களிடம் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், எவ்வளவு அருமையான பக்கமாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

நன்றி, வணக்கம்.