இளவேனிலுக்கு ஒரு மீட்டர் மண்

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, மூன்று கூட்டங்களுக்கு நடுவே இங்கேயும் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, இன்று சந்திப்பிழை பிடிக்கவே முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, நீர்மோர்ப் பானைக்குப் பக்கத்தில் இடம்பிடித்த புத்திசாலிகளே, எல்லோருக்கும் வணக்கம். போர்த்திய சால்வையை மடித்து வைத்துவிட்டேன். சித்திரை மாதத்தில் சால்வை! குறை சொல்லவில்லை, அடுத்த வருடம் ஒரு பனையோலை விசிறி கொடுங்கள்.

'இளவேனில் இன்பம்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கிராமம், தோட்டம், மொட்டைமாடி என்று மூன்றைப் பற்றியும் பேசப்போகிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும். சிரிக்காதீர்கள், இந்தப் பழமொழி இல்லாமல் நான் மேடை ஏறியதே இல்லை.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். நமக்கோ நாலு மாதமும் ஒரே 'வெயில் காலம்'. ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டுவிடுகிறோம். வெளியே சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாகத் தொங்குகிறது, குண்டுமல்லி மலிந்து கிடக்கிறது. விடியற்காலையில் குயில் உயிரை விட்டுக் கத்துகிறது. காக்கை கூடு கட்டும் காலம், அந்தக் கூட்டில் முட்டையிட வேண்டுமே! கூவுகிற கறுப்புக் குயில் ஆண். புள்ளிபோட்ட பழுப்புக் குயில் பெண். ஐயா பாடிக்கொண்டிருப்பார், வேலையை அம்மா முடிப்பார். பெண்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருக்கிறது.

கிராமத்துக்கு வருகிறேன். மதுராந்தகம் பக்கம் என் தாத்தா வீடு. கொல்லையில் ஒரு பெரிய வேம்பு. வருடப்பிறப்புப் பச்சடிக்காக ஆயா ராத்திரியே மரத்தடியில் பழைய வேட்டி விரித்துவிடுவாள். காலையில் பொரி இறைத்த மாதிரி பூ கிடக்கும். ஒரு வருடம் இருட்டில் அவள் கைக்கு அகப்பட்டது தாத்தாவின் புது எட்டு முழம். விடிந்ததும் தாத்தா அதைத் தேடி எடுத்து, உதறிக் கட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். உதறினேன் என்பார் அவர். உதறவே இல்லை என்று சத்தியம் பண்ணுவாள் ஆயா. தீபாராதனை நேரம். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுகிறார். இடுப்பு மடிப்பிலிருந்து பொலபொலவென்று வேப்பம்பூ! பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் "ஆத்தா வந்துட்டா!" என்று குலவை போட்டாள். உடுக்கைக்காரரும் அடிக்க ஆரம்பித்துவிட்டார். 'என் பொண்டாட்டி பூ பொறுக்கின வேட்டிய்யா இது' என்று அங்கே சொல்ல முடியுமா? பேசாமல் இரண்டு சுற்று ஆடிவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவர் சாகிற வரைக்கும், வருடப்பிறப்பன்று நாலு பேர் வந்து குறி கேட்டார்கள்.

இரண்டாவது, தோட்டம். அடுக்குமாடியில் ஏது தோட்டம்? தெருவில் நிற்கிற மரம்தான். நம் முனை வேம்பைப் போய்ப் பாருங்கள். அடிமரம்வரை சிமென்ட் கல் பதித்திருக்கிறார்கள். மோதிரம் இறுகிய விரல் மாதிரி பட்டை பிதுங்கி நிற்கிறது. போன ஞாயிறு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அத்தனையும் கால்வாய்க்கு ஓடிவிட்டது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் சாய்ந்த மரங்களை நாம் மறக்கவில்லை. வேர் பரவ இடம் கொடுக்காமல், காற்றில் விழுந்தது என்று மரத்தின்மேல் பழி போடுகிறோம். டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது: அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் கூடாது. நம் நங்கநல்லூர் வேம்பு மட்டும் என்ன பாவம் செய்தது? உறுப்பினர் அம்மா குறித்துக்கொள்கிறார்கள், நன்றி. நிழலின் அருமை வெயிலில்... நீங்களே முடித்துவிட்டீர்கள்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மொட்டைமாடியைப் பற்றி நீர்மோர் குடிக்கும்போது சொல்கிறேன். நம் வேம்புக்கு அந்த ஒரு மீட்டர் மண் கேட்கிற மனு வாசல் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். பேனா இல்லை என்று யாரும் நழுவ வேண்டாம், என் பையில் இரண்டு இருக்கிறது.