கடல் கொண்டுவந்து சேர்த்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கடலில் மாண்டு கரையொதுங்கியவர்களைக் கிறிஸ்தவக் கோயில்களின் அடக்க ஏடுகளில் தேடுவது பற்றி இன்று பேசுவோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கார்ன்வால் மாவட்டம். அதன் வடகோடியில், டெவன் எல்லையை ஒட்டி மார்வென்ஸ்டோ. ஊர் என்று சொல்கிறோமே தவிர, வீடுகள் கூடிநிற்கும் ஊர் இல்லை. அங்கொரு பண்ணை, இங்கொரு பண்ணை, கடலைப் பார்த்த சரிவில் நார்மன் காலத்து வளைவுகளோடு ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில். இன்னும் கொஞ்சம் மேற்கே நடந்தால் நிலம் சட்டென்று முடிந்துவிடும். 400 அடிக்கு மேலும் உயரும் பாறைகள், கீழே அட்லாண்டிக். பாய்மரக் கப்பலை மேற்குக் காற்று இந்தப் பக்கம் தள்ளிவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது.

இப்படிப்பட்ட சேகரத்தில், அதாவது ஒரு கோயிலுக்கும் அதன் குருவானவருக்கும் உட்பட்ட பகுதியில், வம்ச வரலாறு தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது கோயில் பதிவேட்டை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு சேகரமும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் உத்தரவு போட்டார். அரசாங்கமே பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பித்தது 1837 ஜூலையில்தான். நடுவில் உள்ள 300 வருடங்களில் ஒரு கூலிக்காரர் வாழ்ந்து மறைந்ததற்குச் சாட்சி பெரும்பாலும் இந்த ஏடுதான்.

1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது. அடக்க ஏட்டில் பக்கத்துக்கு எட்டுக் கட்டம். பெயர், இருப்பிடம், அடக்கம் செய்த நாள், வயது, சடங்கு நடத்திய குருவானவரின் கையெழுத்து. அவ்வளவுதான். இந்தப் படிவத்தைக் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பொய்ப் பதிவு செய்தால் 14 ஆண்டு நாடுகடத்தல் என்று ஒரு பிரிவு சொல்கிறது. தண்டனையில் பாதி துப்புக் கொடுத்தவருக்கு, மீதிப் பாதி சேகரத்து ஏழைகளுக்கு என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. அபராதத்தை மனதில் வைத்து எழுதிய வரி, நாடுகடத்தலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. துப்புக் கொடுத்தவருக்கு ஏழு வருடமா என்று இன்றைக்கும் சிரிப்பார்கள்.

சரி, கடலோரத்துக்கு வருவோம். உள்நாட்டுச் சேகரத்தில் அடக்க ஏடு என்றால் அந்த ஊர்க்காரர்கள்தான். கடலோரத்தில் அப்படி இல்லை. பெயர்க் கட்டத்தில் 'அடையாளம் தெரியாத ஆண்' என்றிருக்கும், வயது உத்தேசமாக இருக்கும், இருப்பிடம் காலியாகக் கிடக்கும். இந்த வரிகளைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு ஏட்டின் முக்கியமான வரிகளே அவைதான் என்று தோன்றும்.

அந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. கரையொதுங்கிய உடலைக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்ற கட்டாயம் 1808 வரை யாருக்கும் இல்லை. கடற்கரையிலோ பாறை மேட்டிலோ குழி தோண்டி மூடிவிடுவார்கள். பிரார்த்தனை இல்லை, பதிவும் இல்லை. 1807 டிசம்பரில் கார்ன்வாலின் தென்கரையில் ஆன்சன் என்ற போர்க்கப்பல் உடைந்து ஏராளமானோர் மாண்டபோதும் அதே கதைதான். அதைப் பார்த்துக் கொதித்த தாமஸ் க்ரில்ஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞர் ஒரு மசோதா எழுதினார். மறு ஆண்டே அது சட்டமானது. உடலைக் கண்டு தகவல் சொன்னவருக்கு ஐந்து ஷில்லிங். அடக்கச் செலவைச் சேகரம் ஏற்கும், அதை மாவட்டக் கருவூலம் திருப்பிக் கொடுக்கும்.

சட்டம் வந்தால் போதுமா, செய்ய ஆள் வேண்டாமா? மார்வென்ஸ்டோவுக்கு 1834-இல் குருவானவராக வந்த ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் அப்படி ஒரு ஆள். கொஞ்சம் விசித்திரமான மனிதர். குருமனையின் புகைபோக்கிகளைத் தனக்குப் பழக்கமான கோயில் கோபுரங்களின் வடிவத்தில் கட்டினார். உடைந்த கப்பல்களின் மரத்தைக் கொண்டு பாறை விளிம்பில் ஒரு குடிசை போட்டு, அதில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நம் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) கோயில்களில் கொண்டாடும் அறுப்பின் பண்டிகையின் இன்றைய வடிவத்துக்கு, இவர் 1843-இல் நடத்திய ஆராதனையைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள்.

புயலுக்கு மறுநாள் அவரே ஆட்களோடு பாறைச் சரிவில் இறங்குவார். அலை அடித்துச் சிதைத்த உடல்கள். தூக்க வந்தவர்கள் வயிறு குமட்டிப் பின்வாங்காமல் இருக்க ஜின் என்ற மதுவை ஊற்றிக் கொடுப்பார். இப்படி 40-க்கும் மேற்பட்ட கடலோடிகள் அந்தத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். 1842 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்பிரோத்தைச் சேர்ந்த கலிடோனியா என்ற கப்பல் உடைந்தது. பிழைத்தவர் ஜெர்சித் தீவுக்காரர் ஒருவர் மட்டும். செத்தவர்களின் கல்லறைக்கு மேல் கப்பலின் முகப்புச் சிலையையே நட்டுவைத்தார் ஹாக்கர். கையில் வாளும் கேடயமும் ஏந்திய வெள்ளைப் பெண் உருவம். மழை அரித்ததால் அசலைக் கோயிலுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நிற்பது நகல்.

ஹாக்கர் 1875-இல் பிளிமத்தில் இறந்தார். மரணப் படுக்கையில் கத்தோலிக்கராக மாறினார், அடக்கமும் பிளிமத்திலேயே நடந்தது. நாற்பது வருடம் அடக்க ஏட்டில் கையெழுத்துப் போட்டவரின் பெயரை மார்வென்ஸ்டோ ஏட்டில் தேடினால் கிடைக்காது. இதுதான் வம்சம் தேடுகிறவர்களுக்கு விஷயம். பிறந்த சேகரத்தில் ஞானஸ்நானம் இருக்கிறது, அடக்கம் இல்லை, மனைவியை மட்டும் மக்கள்தொகைக் கணக்கில் 'மாலுமியின் மனைவி' என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்த மனிதர் வேறொரு கரையின் ஏட்டில் பெயரோடோ பெயரில்லாமலோ இருக்கலாம். கப்பல் உடைந்த தேதி தெரிந்தால் அதையொட்டிய வாரங்களின் அடக்கப் பக்கங்களைப் பாருங்கள்.

கார்ன்வால் ஆவணங்களுக்கு ரெட்ரூத்தில் 2019-இல் திறந்த கிரெசன் கெர்னோ காப்பகம் இருக்கிறது. ஈரத்தில் மூல ஏடு கெட்டுப்போயிருந்தால், சேகரங்கள் ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பிய நகலைத் தேடலாம். கார்ன்வாலுக்கென்று 1876-இல் தனிப் பேராயம் அமையும்வரை அந்த நகல்கள் போய்ச் சேர்ந்தது பக்கத்து மாவட்டமான டெவனில் உள்ள எக்ஸிட்டருக்கு. அங்கேயும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.