விரல் தேய்ந்தவருக்கும் அரிசி வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தொழிற்சங்கப் பொறுப்பாளர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் வட்ட வழங்கல் அலுவலர் அவர்களே, கொட்டும் மழையிலும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நாற்காலி தந்த தேவாலயத்தாருக்கும், தேநீர் தந்த வண்டிப்பெரியாற்றுக் கடைவீதி நண்பர்களுக்கும், என்னை அழைத்த வாசகசாலைக் குழுவினருக்கும் நன்றி கூறுவது என் கடமை.

வெளிநாட்டு உணவு உதவி, ரேஷன், பள்ளிச் சத்துணவு ஆகிய மூன்றையும் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். 1965, 1966 ஆண்டுகளின் வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்காகக் காத்திருந்த நாடு இது. அதே 1965இல் தொடங்கிய இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகள் இன்று நிரம்பியிருக்கின்றன. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தையும், மிக வறியவர்களுக்கான அந்தியோதயாக் குடும்பத்துக்கு 35 கிலோவையும் உரிமையாகவே ஆக்கியது. 2023 ஜனவரி முதல் அதற்கு விலையும் கிடையாது. ஆனால், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்று நம் முன்னோர் சொன்னது இந்த மலையில் இன்றும் நடக்கிறது.

என் பெரியம்மா 31 ஆண்டுகளாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறார். லயத்தில் தனியே இருக்கிறார். அவருடையது ஒற்றை ஆளுக்கான பிங்க் அட்டை, அதாவது கேரளத்தில் முன்னுரிமைக் குடும்பத்துக்குத் தரும் ரேஷன் அட்டை. போன ஆடியில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஜீப்புக்கு 40 ரூபாய் கொடுத்து, ரேஷன் கடைக்குப் போனார். கைரேகை சரிபார்க்கும் கருவியில் வலது கட்டைவிரலை வைத்தார்; பதியவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தார், பதியவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார், இன்னொருவர் கல்லில் தேய்க்கச் சொன்னார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் பலனில்லை. விரலுக்குப் பதிலாகக் கைப்பேசிக்கு ஒரு ரகசிய எண் (ஓடிபி) வரும் என்றார்கள். மேகம் இறங்கிய நாளில் சிக்னலே இல்லை. கடைக்காரரும் நல்ல மனிதர்தான். “அக்கா, நான் என்ன செய்ய? மெஷின் ஒத்துக்கல” என்றார். மூன்றாம் முறை போனபோதுதான் 5 கிலோ கிடைத்தது. அன்றிரவு அந்த விரலை விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். சாயக்கறை ஏறி, நுனி முழுதும் வழுவழுப்பாக இருந்தது. ரேகை என்று சொல்ல ஒரு கோடு இல்லை.

இங்கே பூசாரி கடைக்காரர் அல்லர், அவர் முன்னிருக்கும் கருவி. ஆதார் இல்லை என்றோ, கைரேகை பொருந்தவில்லை என்றோ எவருக்கும் தானியம் மறுக்கக்கூடாது என்று மத்திய உணவுத்துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. உரிய தானியம் வழங்கப்படாவிட்டால் உணவுப் பாதுகாப்பு உதவித்தொகை தரவேண்டும் என்று சட்டத்தின் எட்டாம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் வரம் இருக்கிறது, தாய்மார்களே. கடைப் படியில்தான் பூசாரி மறிக்கிறார். விரல் பதியாதவருக்கு ஒரு கைப்பதிவேடு, அதில் கையொப்பமிட ஒரு வார்டு உறுப்பினர், எவரையும் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டு, இவையே நாம் கேட்பவை. மானியத்தையே ரொக்கமாகத் தந்துவிடலாம் என்பாரும் உண்டு. வங்கிக்கு மலையிறங்க வேண்டிய ஊரில், அரிசி விலை ஏறும் மாதத்தில், அந்த ரொக்கம் எத்தனை கிலோவாகும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சத்துணவைப் பற்றி, காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவிலிருந்து, சமைத்த உணவையே பள்ளியில் வழங்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2001 ஆணை வரை சொல்ல நிறைய உண்டு. நேரம் இடம் தரவில்லை.

ரேஷன் கடைக்கான நம் கோரிக்கைகளை எழுதிய மனுவின் படிகள் மேடைக்கு இடப்புற மேசையில் இருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெயரையும் அட்டை எண்ணையும் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வழங்கல் அலுவலர் புறப்படுமுன் அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம்.