பனியில் நிற்கும் நாயின் கால் ஏன் உறைவதில்லை? குளிர்காலத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு இடம்!

வணக்கம் மக்களே! ஜனவரி மாதம், விடியற்காலை, ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா. புல்வெளி முழுக்க உப்புக் கொட்டின மாதிரி உறைபனி. இரண்டு சாக்ஸ் போட்டும் நமக்குக் கால் விறைக்கிறது. அதே புல்லின் மேல் ஒரு நாய் வெறுங்காலோடு, ஏதோ கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி ஹாயாக நடந்து போகிறது. எப்படி? இதற்கு விடை தெரிந்தால், உங்கள் நாய்க்கு இந்தக் குளிரில் எதை வாங்க வேண்டும், எதற்குக் காசைக் கரியாக்க வேண்டாம் என்பது தானாகப் புரிந்துவிடும்.

(காட்சி: நாயின் பாதம், மிக அருகில்)

நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 டிகிரி செல்சியஸ். நம்மைவிடக் கொஞ்சம் அதிகம். உடம்பெல்லாம் முடி, ஆனால் கால் மெத்தைகளில் முடியே இல்லை. அப்படியென்றால் மொத்தச் சூடும் அந்த வழியாகத் தரைக்குள் இறங்கிவிட வேண்டும், இல்லையா? இறங்குவதில்லை. 2011இல் ஜப்பான் ஆய்வாளர்கள் நாய்ப் பாதத்தின் ரத்தக் குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சூடான ரத்தத்தைக் கீழே இறக்கும் தமனியை ஒட்டி, குளிர்ந்த ரத்தத்தை மேலே ஏற்றும் சிரைகள் பின்னிக் கிடந்தன. ராத்திரிக் காவல் முடிந்து போகிற வாட்ச்மேன், அடுத்து வருகிறவரிடம் கம்பளியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார் பாருங்கள், அதே கதை. கீழே இறங்கும் ரத்தம் தன் சூட்டை மேலே ஏறும் ரத்தத்திடம் கொடுத்துவிடுகிறது. சூடு உடம்புக்கே திரும்பிப் போகிறது. பாதம் உறையாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பெங்குவின் காலிலும் இதே ஏற்பாடுதான்.

இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. 1972இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஆர்க்டிக் நரி, ஓநாய் இவற்றின் பாதங்களை மைனஸ் 35 டிகிரி குளிர் திரவத்தில் வைத்துச் சோதித்தார்கள். பாதத்தின் வெப்பம் சுமார் மைனஸ் 1க்குக் கீழே போகவில்லை. திசு உறைவதற்குச் சற்று முன்னால் பிரேக் போட்டு நிறுத்திவிடுகிறது. எந்த வாட்டர் ஹீட்டரில் இவ்வளவு துல்லியம் இருக்கிறது, சொல்லுங்கள்!

"அப்புறம் ஏன் அலாஸ்காவில் வண்டி இழுக்கும் நாய்களுக்கு ஷூ போடுகிறார்கள்?" என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள், தெரியும். அங்கே நடக்கும் இடிடராட் என்ற நாய்வண்டிப் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டு பாத உறை இருக்க வேண்டும் என்பது விதியே. ஆனால் அது முக்கியமாகக் கால் தேயாமல் இருக்க, விரலிடுக்கில் பனிக்கட்டி சேராமல் இருக்க. உங்கள் செல்லம் மார்கழி மாதத்தில் மெரினாவுக்கு வாக்கிங் போக அது எதற்கு?

சரி, கால் தன்னைப் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளாதது வயிறு. முடி குறைவான அந்த இடத்தைச் சில்லென்ற சிமெண்ட் தரையில் வைத்து ராத்திரி முழுக்கப் படுத்தால் சூடு போய்க்கொண்டே இருக்கும். ஆயிரம் ரூபாய் ஸ்வெட்டரை வாங்கி மாட்டிவிட்டு, நாயை வெறுந்தரையில் படுக்க வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முதலில் பலகையோ பழைய கட்டிலோ போடுங்கள். அதன் மேல் சாக்கு. வெளியே கூண்டு என்றால் உள்ளே வைக்கோல்தான் நல்லது. போர்வை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இன்னும் சில்லிட்டுப் போகும்.

ஸ்வெட்டர் யாருக்குத் தேவை? சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான, முடி குட்டையான நம்மூர் நாய்களுக்கு. அவை வெயில் காட்டில் முயல் துரத்தப் பிறந்தவை. குன்னூர் குளிரில் நடுங்கிப் போகும். குட்டிக்கும் கிழ நாய்க்கும் போடலாம். நனைந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அடர்ந்த முடியுள்ள பனிநாட்டு ஹஸ்கிக்கு? தயவுசெய்து வேண்டாம். சென்னை ஹஸ்கிக்கு வருஷத்தில் கொஞ்சம் மூச்சு விடக் கிடைப்பதே இந்த ஒரு மாதம்தான்.

குளிப்பாட்டுவது என்றால் உச்சி வெயிலில். ஈரம் போகத் துவட்டுங்கள். அவ்வளவுதான்.

(காட்சி: இருட்டில் ஒரு வீட்டு முற்றம்)

மலையில் குளிரைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சிறுத்தை. நீலகிரியில் வீட்டு வாசல் வரை வந்து நாயைத் தூக்கிப் போகும் சிசிடிவி காட்சிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் நடந்த ஒரு ஆய்வில், சிறுத்தைகள் தின்ற உணவின் எடையில் 39 சதவீதம் நாய்தான்! சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடவும் வழியில்லை. ஆகவே ராத்திரி நாய் வீட்டுக்குள். குளிருக்கும் அதுவே மருந்து, சிறுத்தைக்கும் அதுவே.

உள்ளே கூட்டி வந்துவிட்டு கதவு, ஜன்னலையெல்லாம் சாத்தி நடுவில் கரி அடுப்பு வைத்துவிடாதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கியே உயிர்விட்டவர்களைப் பற்றிச் செய்தி வந்திருக்கிறது. நாய்க்கும் அதே கதிதான்.

கடைசியாக, நடுக்கம். நாய் நடுங்கினால் உடம்பு சூட்டை உண்டாக்கப் போராடுகிறது என்று அர்த்தம். உள்ளே கொண்டு வாருங்கள், துவட்டுங்கள், போர்வை சுற்றுங்கள். சுடுதண்ணீர் பாட்டில் வைத்தால் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் தோல் வெந்துவிடும். குளிரில் இருந்த நாய் சோர்ந்து படுத்து, நடுக்கமும் நின்றுபோனால் "சரியாகிவிட்டது" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். உடம்பு போராட்டத்தைக் கைவிட்டிருக்கலாம். அந்த நிமிஷமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உங்கள் நாய் ராத்திரி எங்கே படுக்கிறது? ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்கள். "என் கட்டிலில், நான் தரையில்" என்று எழுதப் போகிறவர்கள் வெட்கப்பட வேண்டாம், நீங்கள்தான் இங்கே மெஜாரிட்டி என்று நினைக்கிறேன்.