சீட்டில் எழுதியபடிதானே குடித்தேன்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மருத்துவ மாணவர்களுக்கு மக்களின் பண்பாட்டை எப்படிக் கற்பிப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நாங்கள் விட்ட பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

ரமழான் மாதம், பின்னேர அஸர் தொழுகை வேளை. காத்தான்குடி உம்மா ஒருவரை ஆஸ்பத்திரி விடுதிக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சில்லை. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். அருகில் நின்ற மாணவன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கெட்டிக்காரன். 'மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எழுதினான். உம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் நீரிழிவுக் குளிசை உறையை நீட்டினார்.

"சீட்டில் எழுதியபடிதானே மகன் குடித்தேன்?"

காலை இரண்டு, இரவு ஒன்று. விடியுமுன் உண்ணும் ஸஹர் நேரத்தில் காலைக்குரிய இரண்டையும் விழுங்கிவிட்டுப் பகல் முழுவதும் நோன்பிருந்திருக்கிறார். நோன்புக்கு ஏற்ப அளவை மாற்றி எழுதியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். (வீட்டில் நீங்களாக மாற்றிவிடாதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள்.) இத்தனைக்கும் உம்மாவுக்கும் மாணவனுக்கும் தாய்மொழி தமிழ்தான்.

பிறகு இன்னொரு பிழை விட்டோம். முஸ்லிம்கள் இப்படி, இந்துக்கள் இப்படி என்று கையேடு அடித்துக் கொடுத்தோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். நோன்பே நோற்காத ஒரு சிறுநீரக நோயாளியிடம் ஸஹர் பற்றி ஒருவன் விரிவுரை நடத்திவிட்டு வந்தான்.

1978இல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடன் இருவரும், நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவற்றை எழுதினார்கள். இந்த வருத்தம் எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? இதில் உங்களுக்கு எது பெரிய பயம்? அவ்வளவு எளிமையானவை. எங்கள் பக்கத்தில் பதில் 'கிரந்தி' என்று வரும், 'சூடு' என்று வரும், பிறர் வாய்பட்ட 'நாவூறு' என்றும் வரும். அந்த இடத்தில் மாணவன் புன்னகைத்தால் போதும், நோயாளியின் வாய் மூடிக்கொள்ளும். நாட்டு வைத்தியரான பரிகாரியாரிடம் எண்ணெய் வாங்கியதை அதன்பின் யாரும் சொல்லப்போவதில்லை. கையேட்டைக் கிழித்துவிட்டு இந்தக் கேள்விகளுக்குப் பரீட்சையில் புள்ளி கொடுங்கள் என்பதே என் கட்சி. புள்ளி இல்லாததை எந்த மாணவன் படிப்பான்?

இப்போது ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே, "நோன்பு பிடிக்கப் போகிறீர்களா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சென்ற முறை அதே உம்மா வந்திருந்தார். நோன்பு பிடிப்பதை அன்று முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"விடச் சொல்வீர்கள் என்றுதான் டொக்டர்."