சஹாரா காஞ்சு போனதுக்கு ஆடு மாடு தான் காரணமா?

அடுத்து ஒரு தம்பி கேட்ருக்காரு, 'சார், சஹாரா ஒரு காலத்துல பச்சையா இருந்துச்சுன்னு சொன்னீங்க, அப்போ ஆடு மாடு மேய்ச்சு மனுஷன் தான் அத பாலைவனம் ஆக்கிட்டானா, மரம் இருந்தா தானே மழை?' பாதி சரி தம்பி, பாதி தான்.

சஹாரா பச்சையானத ஆரம்பிச்சு வெச்சது வெயில். பூமி பம்பரம் மாதிரி தலையாட்டிட்டே சுத்துது இல்லையா, அதனால இப்போ நாம சூரியனுக்கு கிட்ட போறது ஜனவரில, ஆனா சுமார் 11,000 வருஷம் முன்னாடி வடக்குப் பக்கம் கோடை நடக்கும்போது தான் கிட்ட இருந்துச்சு, கோடை வெயில் இப்போ விட 7, 8 சதவீதம் ஜாஸ்தி, நிலம் சூடாகி காத்து மேல போக, அட்லாண்டிக்லேர்ந்து ஈரக் காத்து உள்ள வருது. நம்ம தென்மேற்கு பருவமழை கதை தான்.

ஆனா கம்ப்யூட்டர் மாடல்ல அந்த வெயிலை மட்டும் போட்டா மழை பத்தவே மாட்டேங்குது. நெஜத்துல பெஞ்ச மழை அவ்வளவு, சஹாராவோட தெக்கு ஓரத்துல இருக்குற சாட் ஏரி அப்போ காஸ்பியன் கடல் சைஸுக்கு கெடந்துச்சுங்க! சாட் நாட்டுல என்னெடிங்கற மலைல ஒரு சுனைல இன்னைக்கும் கொஞ்சம் முதலை இருக்கு, அந்தக் காலத்து மிச்சம். புல்லு செடியையும் மாடல்ல சேத்தா தான் மழை வடக்க ஏறுது, அப்பவும் முழுசா வரல, ஏரி, தூசி எல்லாம் சேக்க வேண்டியிருக்கு.

ஏன்னா, மொட்டை மாடில வெள்ளை அடிச்சா வீடு குளுமையா இருக்கும்ல, வெறும் மணலும் அப்படித்தான், விழற வெயில்ல மூணுல ஒரு பங்கை திருப்பி அனுப்பிடும், புல்லு மூடுனா அதுல பாதி தான் போகும். பாலைவனம் சூடு தானே சார்னு கேப்பீங்க, தரை சூடு தான், ஆனா மேல மேகமும் இல்ல ஈரமும் இல்ல, வாங்குன சூடும் வானத்துக்கே போயிடுது, வரவ விட செலவு ஜாஸ்தி. அதனால அங்க காத்து கீழ எறங்குது, எறங்குற காத்துல மேகம் எங்க கட்டும்? இத 1975ல சார்னின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி சொன்னாரு, சஹாராவுக்கு தெக்க சாஹேல் பக்கம் அப்போ பஞ்சம், மேய்ச்சல்ல புல்லு போனதால மழை போச்சுன்னு. பின்னாடி பாத்தா பெரிய பங்கு கடல் சூட்டோடது, புல்லு போனது எரியுற தீயில எண்ணெய் ஊத்துன மாதிரி.

சுமார் 5,500 வருஷம் முன்னாடி சஹாரா காஞ்சதும் இந்த மாதிரி தான் இருக்கலாம். வெயில் மெதுவா தான் கொறஞ்சுது, ஆனா மேற்கு ஆப்பிரிக்காவுல மொரிட்டேனியா பக்கம் கடலடி மண்ணுல தூசி சட்டுனு ஏறியிருக்கு, அப்போ நிலம் சட்டுனு காஞ்சிருக்குன்னு அர்த்தம், மழை கொறஞ்சா புல்லு காயும், புல்லு காஞ்சா மழை இன்னும் கொறையும்னு போயிருக்கலாம். ஆனா சாட் நாட்டு வடக்குல யோவா ஏரி மண்ணு மெதுவா காஞ்ச கதைய சொல்லுது, ரெண்டுக்கும் சண்டை நடக்குது. மாடு மேய்ச்சவங்க காயறத வேகப்படுத்துனாங்கன்னு சில ஆராய்ச்சியாளர்கள், இல்ல தள்ளிப் போட்டாங்கன்னு சிலர். என்னைக் கேட்டா அவங்க மேல பழிய போடறது அநியாயம்.

அப்போ இப்ப மரம் நட்டா சஹாரா பச்சையாயிடுமான்னு கீழ இன்னொருத்தர். அந்தக் கோடை வெயில் திரும்ப வர 10,000 வருஷம் கிட்ட இருக்குங்க, அது வரைக்கும் யாரு தண்ணி ஊத்தறது? சரி, அடுத்த கேள்வி.